பாதர் சொல்ல மாட்டார்

திருவிழா முடிந்த மறுநாள், உடுப்புத் தோய்க்கும்போதுதான் அது றொசாந்தியின் கையில் தட்டுப்பட்டது. பச்சைச் சட்டையின் பையை வெளியே புரட்டினாள். சவர்க்கார நுரைக்குள் கறுப்பாக ஒரு றப்பர் மூடி விழுந்தது.

அது என்னவென்று உடனே விளங்கவில்லை. விளங்கியதும் கிணற்றடியைச் சுற்றிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. மூடியை எடுத்து வாளிக்குப் பின்னால் வைத்தாள். அங்கே வைத்திருக்கவும் பயமாக இருந்தது. திரும்ப எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

பிளாஸ்டிக் படகுகளின் பின்பக்கத்தில், அடியோடு ஒட்டி, ஒரு துளை இருக்கும். படகைக் கரையில் ஏற்றிக் கழுவும்போது தண்ணீர் வடிவதற்காக அதைத் திறந்துவிடுவார்கள். கடலில் இறக்குமுன் மூடியால் அடைத்துவிட வேண்டும். கடற்கரையில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். றொசாந்திக்கும் தெரியும்.

திருவிழாவுக்கு முதல் நாளான வெஸ்பர் அன்று மாலை மாதாவின் சுரூபத்தைப் படகில் ஏற்றிக் கடல்வழியாகச் சுற்றி வருவது இந்தப் பங்கின் வழமை. காலையில் ஆண்கள் படகைக் கரையில் ஏற்றுவார்கள், ஓட்டப்போகிறவர் மூடியைச் சரிபார்த்து அடைத்துவிட்டுப் போவார். கழுவுவதும் சோடிப்பதும் பெண்களின் வேலை. சோடித்து முடித்து மாதா ஏறும்வரை எந்த ஆணும் அந்தப் படகைத் தொடக்கூடாது. எப்போது வந்த கட்டுப்பாடோ தெரியாது, ஆனால் ஒருவரும் மீறியதில்லை.

இந்த முறை சோடிப்புக்குப் பொறுப்பு றொசாந்தியின் தாய் றோஸ். றொசாந்திதான் படகைக் கழுவினாள். செதில் போகத் தேய்த்து, அழுக்குத் தண்ணீர் வடியட்டும் என்று மூடியைக் கழற்றினாள். அப்போது தாய் கூப்பிட்டாள், பூ வந்துவிட்டது, ஓடிவா என்று. மூடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது மற்றப் பெண்கள் பலகைகளை அடுக்கி, மேலே சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். பின்பக்கத்தை மறைத்து மாலைகள் தொங்கின. துளை கண்ணில் படவில்லை. மூடி நினைவில் வரவில்லை.

அன்று மாலை, பண்ணைப் பாலம் தெரிகிற இடத்தில் படகு திரும்பியபோது பின்பக்கம் தாழ்ந்தது. சுரூபம் சரிந்தது. படகை ஓட்டிய அடைக்கலநாதன் பாய்ந்து பிடிக்கப் போய்த் தடுமாறினார். அவரும் மாதாவும் ஒன்றாகத் தண்ணீருக்குள் விழுந்தார்கள். நெஞ்சளவுத் தண்ணீர்தான். ஆருக்கும் உயிருக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் சுரூபத்தைத் தூக்கியெடுத்தபோது மாதாவின் வலது கை மணிக்கட்டோடு இல்லை.

அடைக்கலநாதன் ஒரு காலத்தில் குடித்துவிட்டு ஒழுங்கைக்குள் விழுந்து கிடந்த மனிதர். தபசு காலத்தில் மாதாவுக்கு நேர்ந்து குடியை விட்டவர். விட்டபடியே இருந்தார். அதற்காகத்தான் இந்த முறை மாதாவின் படகை ஓட்ட அவரைக் கேட்டார்கள். இப்போது ஊர் முழுக்க ஒரே கதைதான். குடித்துவிட்டுத்தான் வந்தான், மூடியைப் போட மறந்தான். ஆரோ கைபேசியில் எடுத்த வீடியோ கனடா வரைக்கும் போய்விட்டது. அதில் அவர் தள்ளாடுவது வடிவாகத் தெரிந்தது. படகு சரிந்ததால்தான் தள்ளாடினார் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றவில்லை.

“என்னடி, உடுப்பை ஊறவைச்சிட்டுச் செபம் செய்யிறியோ?” என்று கேட்டுக்கொண்டே றோஸ் வந்தாள்.

றொசாந்தி கையை விரித்துக் காட்டினாள். றோஸ் மூடியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு போய் வேலிப் படலையைச் சாத்திவிட்டு வந்தாள்.

“ஆருக்கும் காட்டினியோ?”

“இல்லை.”

“உதை ஏனடி கழட்டினனீ?”

“தண்ணி வடியட்டுமெண்டு.”

“வடிஞ்சுது. வடிவா வடிஞ்சுது.” றோஸ் துவைக்கும் கல்லில் அமர்ந்தாள். அவளுடைய குரல் தாழ்ந்தது. “இனி ஊர் என்ன சொல்லும் தெரியுமே? றோஸின்ரை பெட்டைதான் மாதாவைக் கடலுக்கை தள்ளினவள் எண்டு சொல்லும். பொம்பிளையளிட்டைப் போட்டைக் குடுத்தால் உப்பிடித்தான் எண்டு சொல்லுவாங்கள்.”

“அடைக்கலம் அண்ணை குடிச்சவர் எண்டெல்லே அம்மா சொல்லுகினம்.”

“குடிக்காதவரே உவர்? முந்தி எத்தினை தரம் குடிச்சவர். அதோடை இதுவும் ஒண்டு.”

சொன்ன பிறகு அந்தச் சொல் றோஸுக்கே பிடிக்கவில்லைப் போலிருந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

“சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போ. ஆண்டவரிட்டைச் சொல்லு. அவர் மன்னிப்பார். அதோடை காணும். கோயிலுக்கை சொல்லுறதைக் கோயிலுக்கை சொல்லு. றோட்டிலை சொல்லாதை.”

அதைக் கேட்டதும் றொசாந்திக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. பஸ்ஸில் தன் இடம் வந்தாலும் ‘இறக்கம்’ என்று சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த தரிப்பில் இறங்கி வெயிலுக்குள் நடந்து வருகிறவள் அவள். பாடகர் குழுவில் பின் வரிசையில் நின்று வாயை மட்டும் அசைப்பாள். ஊருக்கு முன்னால் அவள் எப்படி நின்று கதைப்பாள்?

மூடியைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். எறிந்துவிடலாம் என்று ஒருதரம் கடற்கரைக்குப் போனாள். எறிய முடியவில்லை.

*

நண்டு வலைகள் கரைக்கு வரும்போது பெண்கள் நிழலில் வட்டமாக அமர்ந்து நண்டு கழற்றுவார்கள். றொசாந்திக்கும் அதுதான் வேலை. அந்த வாரம் அவளுக்கு நேர் எதிரே வந்து அமர்ந்தவள் அடைக்கலநாதனின் மனைவி ஜெயகௌரி. இருவருக்கும் நடுவே ஒரே வலை கிடந்தது. ஒரு பக்கத்தை இவள் இழுத்தால் மறுபக்கம் அவளுடைய மடிக்கு அசைந்தது.

“அவரை நான் மணந்து பாத்தனான்,” என்றாள் ஜெயகௌரி. அவள் றொசாந்தியிடம் சொல்லவில்லை, வலையைப் பார்த்துத்தான் சொன்னாள். “ஈர உடுப்போடை வந்து நிக்கிறார். பிள்ளையளுக்கு முன்னாலை வாயை மணந்து பாத்தனான். உப்புத் தண்ணி மணம்தான். எண்டாலும் நம்பேலாமல் கிடக்கு. முந்தியும் இப்பிடித்தான், மணக்காமல் இருக்க ஏலக்காய் சப்பிக்கொண்டு வருவார்.”

“குடிச்சிருக்க மாட்டார் அக்கா,” என்றாள் றொசாந்தி. அவளுக்கே கேட்டும் கேளாத குரலில்.

“உமக்கென்னெண்டு தெரியும்?”

றொசாந்தியின் கை தவறியது. நண்டு விரலைக் கவ்வியது. அவள் கத்தவில்லை. ஜெயகௌரிதான் எட்டி அதன் கொடுக்கை முறித்து எடுத்துவிட்டாள்.

“கவனமாக் கழட்டும் பிள்ளை. யோசினை எங்கையோ.” பிறகு முன்போலவே வலையைப் பார்த்துச் சொன்னாள். “ஞாயிற்றுக்கிழமை பூசை முடியக் கூட்டம் வைக்கினமாம். பிழை அவரிலை எண்டு முடிவானால் நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு மன்னாருக்குப் போறன், அம்மாவிட்டை. இன்னொருக்கா அந்தச் சீவியத்தை என்னாலை சீவிக்கேலாது. பையும் அடுக்கிப் போட்டன்.”

அந்த நேரம் பார்த்து அடைக்கலநாதன் கரைவழியாக வந்தார். படகுகளுக்கு நடுவே நின்ற ஆண்களில் ஒருவன் குரல் கொடுத்தான்.

“கப்டன் வாறார், வழி விடுங்கோ!”

“கப்டன், என்ரை போட்டையும் ஒருக்கா ஓடித் தாவன். என்ரை மாமியை ஏத்தி விடுறன்.”

எல்லோரும் சிரித்தார்கள். பெண்களிலும் சிலர் சிரித்தார்கள். அடைக்கலநாதனும் சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் றொசாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். கைலேஞ்சிக்குள் இருந்த மூடி இடுப்பில் அழுத்தியது. இப்போது எழும்பலாம். இப்போதே சொல்லலாம். நண்டுகள் கூடைக்குள் ஒன்றையொன்று பிறாண்டிக்கொண்டிருந்தன. அவர் கடந்து போய்விட்டார்.

*

வெள்ளிக்கிழமை பொழுதுபடும் நேரம், அவரிடமே தனியாகச் சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்து வீட்டிலிருந்து புறப்பட்டாள். அவர் ஒருவர்தானே, ஊர் முழுக்க இல்லையே. ஒழுங்கை முடிவில் திரும்பியபோது அவரைக் கண்டாள். கள்ளுத் தவறணை வேலிக்கு வெளியே, மதகுக் கட்டின் மேல் அமர்ந்திருந்தார். உள்ளே போகவும் இல்லை, எழும்பிப் போகவும் இல்லை.

அவளைக் கண்டதும் அவரே எழும்பி வந்தார்.

“பிள்ளை, நீர்தானே அண்டைக்குப் போட் கழுவினனீர்?”

“ஓம் அண்ணை.”

“ஒரு விசயம் கேக்கவேணும். நான் காலமை மூடியை அடைச்சுத்தான் விட்டனான் எண்டு நினைக்கிறன். ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமாக் கிடக்கு. குடிச்ச காலத்திலை செய்ததெல்லாம் எனக்கு நினைவிலை நிக்கிறேல்லை. இப்பவும் அப்பிடியோ தெரியேல்லை.” தொண்டையைச் செருமினார். “கழுவேக்கை மூடி இருந்ததோ? கண்டனீரோ?”

சொல்லத்தான் வந்திருந்தாள். சொல்ல வேண்டிய மனிதர் தானாகவே கேட்கிறார். ஓம் என்ற ஒரு சொல் போதும்.

“நான் பாக்கேல்லை அண்ணை. தெரியாது.”

அந்த வார்த்தை அவளைக் கேட்காமலே வாயிலிருந்து வந்துவிட்டது. அடைக்கலநாதன் தலையை ஆட்டினார்.

“சரி பிள்ளை. நீரென்ன செய்வீர்.”

அவர் மெல்லத் தவறணைப் பக்கம் திரும்பினார். றொசாந்தி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். அவர் உள்ளே போனாரா, வீட்டுக்குப் போனாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம் என்று பிறகு பாயில் கிடந்து நினைத்தாள். மறந்துபோனது ஒரு பிழை. தெரியாது என்று சொன்னது மறதியில்லை. அது தெரிந்தே செய்தது.

*

சனிக்கிழமை பின்னேரம் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன் நின்ற வரிசையில் அவள் கடைசிக்கு முதல் ஆள். பங்குத் தந்தை ஜெரிசன் இளவயதுக்காரர், அந்தப் பங்குக்கு வந்து அதிக காலமில்லை. கம்பி வலைக்கு மறுபக்கம் அவருடைய காதுதான் தெரிந்தது. அந்தக் காதைப் பார்த்து றொசாந்தி எல்லாவற்றையும் சொன்னாள். மூடியை, பூவை, கம்பளத்தை, மதகடியில் சொன்ன பொய்யை.

பாதர் வலைப் பக்கம் குனிந்தார்.

“இதுக்காக மனஸ்தாபப்படுறீரோ பிள்ளை?”

“ஓம் பாதர்.”

“ஆண்டவர் மன்னிப்பார். அதிலை சந்தேகப்படாதையும். ஆனால் உம்மாலை ஒரு மனிசன்ரை பெயர் போயிட்டுது. அதைத் திருப்பிக் குடுக்கவேணும். குடுப்பீரோ?”

“ஓம் பாதர்.”

அவர் பாவமன்னிப்பின் செபத்தைச் சொல்லத் தொடங்கினார். அவருடைய கை வலைக்கு அப்பால் சிலுவை வரைந்தது. றொசாந்திக்கு அழுகை வந்தது. வாரம் முழுவதும் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் அவள் எழும்பும்போது சொன்னாள்.

“பாதர், நாளைக்குக் கூட்டத்திலை நீங்களே சொல்லிவிடுங்கோ. என்ரை பெயரைச் சொன்னாலும் பரவாயில்லை.”

“பிள்ளை, நில்லும். நான் அப்பிடி...”

அவள் நிற்கவில்லை. வரிசையில் பின்னால் நின்ற மூதாட்டி ஏற்கெனவே முழந்தாள் இட வந்துவிட்டார். றொசாந்தி முக்காட்டை இழுத்துவிட்டு, மாதாவின் பீடத்துக்கு முன் போய் முழந்தாளிட்டுத் தனக்குப் பரிகாரமாகக் கொடுத்த செபங்களைச் சொன்னாள். சுரூபத்தின் முறிந்த கையை வெள்ளைத் துணியால் சுற்றியிருந்தார்கள். அதை நிமிர்ந்து பார்க்க அவளால் முடிந்தது. பாதர் சொல்லிவிடுவார். பாதர் சொன்னால் ஆரும் ஏச மாட்டார்கள். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டாள்.

*

பூசை முடிந்து மண்டபத்தில் கதிரைகளைப் போட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் பாதரும், கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் றஞ்சித்தும் இருந்தார்கள். அன்று மாதா ஏறிய படகு றஞ்சித்தினுடையதுதான். முன் வரிசையில் அடைக்கலநாதன். பெண்கள் பக்கத்தில் ஜெயகௌரி, பிள்ளைகளை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு, காலடியில் ஒரு பயணப் பையோடு இருந்தாள். எல்லோரும் அந்தப் பையைப் பார்த்தார்கள். றோஸ் நடுவில் இருந்தாள். றொசாந்தி கடைசியில், யன்னலோரம்.

பாதர் செபம் சொல்லித் தொடங்கிவைத்தார். அமர்ந்தார்.

றஞ்சித் எழும்பினார். “நான் ஆரையும் குறை சொல்ல வரேல்லை,” என்று தொடங்கி, நீண்ட நேரம் குறை சொன்னார். தன் படகைப் பற்றிச் சொன்னார். மாதாவைப் பற்றிச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வருகிற போன்களைப் பற்றிச் சொன்னார். “ஒரு மனிசன் திருந்திட்டான் எண்டு நம்பினம். நம்பினது எங்கடை பிழை. இனி அடைக்கலம் சங்கத்துப் போட் ஒண்டையும் ஓடக்கூடாது எண்டு கமிட்டி நினைக்குது. பாதர், நீங்கள் என்ன சொல்லுறியள்?”

றொசாந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இதோ.

பாதர் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குச் சொல்ல ஒண்டுமில்லை,” என்றார்.

அவள் விளங்காமல் பார்த்தாள். சரியான நேரத்துக்காகக் காத்திருக்கிறார் போலும். அவர் தன் பக்கம் ஒருதரம் பார்ப்பார் என்று நினைத்தாள். அவர் பார்க்கவில்லை. யன்னல் பக்கம் முழுவதையுமே அவருடைய கண்கள் தவிர்த்தன. கதிரையின் கைப்பிடியை அவருடைய விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன, நகங்கள் வெளுத்திருந்தன.

அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. புதிதாக வந்த நினைவு இல்லை. மறைக்கல்வி வகுப்பில் படித்தது, எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் ஆரிடமும் சொல்லக்கூடாது. வெட்டிப் போட்டாலும் சொல்லக்கூடாது. கேட்டதாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது. சொன்ன ஆளிடம்கூட, தொட்டிக்கு வெளியே, அதைப் பற்றிக் கதைக்கக்கூடாது. இது தெரியாமலா நேற்று அவரிடம் சொல்லிவிடுங்கோ என்று கேட்டாள்? நினைக்க விரும்பாததால் நினைக்கவில்லை. பாரத்தை இறக்கியதாக நம்பினாள். உண்மையில் அதைத் தூக்கி அந்த மனிதரின் தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவர் இனி அதை இறக்கவே முடியாது. அடைக்கலநாதனை ஊர் தண்டிப்பதைப் பார்த்துக்கொண்டு, வாய் திறக்காமல், அந்தக் கதிரையிலேயே இருக்க வேண்டும்.

“அடைக்கலம், நீ ஏதும் சொல்லப்போறியோ?” என்றார் றஞ்சித்.

அடைக்கலநாதன் எழும்பினார். அவர் கண்கள் தெளிவாக இருந்தன. வெள்ளிக்கிழமை அவர் தவறணைக்குள் போகவில்லை என்று றொசாந்திக்கு அப்போது தெரிந்தது.

“நான் குடிக்கேல்லை,” என்றார். “அது மாதாவுக்குத் தெரியும். ஆனா மூடி... நான்தான் போடாமல் விட்டிருப்பன். எனக்கு நினைவில்லை. நினைவில்லாதவன் மற்றவனைக் குறை சொல்லேலாது. பிழை என்னிலை எண்டு எழுதுங்கோ.”

ஜெயகௌரி குனிந்து பையின் பிடியைத் தூக்கினாள்.

யன்னலோரக் கதிரை சீமெந்துத் தரையில் கிறீச்சிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். றொசாந்தி நின்றுகொண்டிருந்தாள். தான் எழும்பிவிட்டதே அவர்கள் திரும்பிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. கதிரைகளுக்கு இடையால் நடந்து மேசைக்குப் போய், கைலேஞ்சியை அவிழ்த்து, மூடியை வைத்தாள். அது உருண்டு பாதருக்கு முன்னால் போய் நின்றது. பாதர் அதைத் தொடவில்லை.

றஞ்சித்துக்கு அது தன் படகின் மூடி என்று பார்த்ததுமே தெரிந்தது.

“எங்கை பிள்ளை கண்டெடுத்தனீ? கரையிலையோ?”

றொசாந்தி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

“ஓம், கரையிலைதான் கிடந்தது,” என்று நடுவிலிருந்து றோஸ் சொன்னாள். “இண்டைக்குக் காலமைதான் கண்டவள். சொல்ல வெக்கம், அவளுக்கு வாய் வராது எண்டு தெரியும்தானே.”

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஆரோ சொன்னார்கள், “அப்ப தானாக் கழண்டிருக்கு.” இன்னொருவர் சொன்னார், “பாவம் அடைக்கலம், அப்ப அடைச்சுத்தான் விட்டிருக்கிறான்.” அடைக்கலநாதனின் முகம் சட்டென்று நிமிர்ந்தது. ஜெயகௌரியின் கை பையில் நின்றுவிட்டது. றொசாந்தி தலையை மட்டும் ஆட்டினால் போதும். எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். தாய் அவளைப் பார்த்த பார்வை அதைத்தான் கெஞ்சியது.

றஞ்சித் மூடியை எடுத்து உருட்டிப் பார்த்தார். “ஒழுங்கா அடைச்சால் உது ஏன் கழருது? கை நடுங்கினவன் அடைச்சால்தான் கழரும்.”

பின்னால் ஆரோ சிரித்தார்கள்.

“கரையிலை இல்லை,” என்றாள் றொசாந்தி.

“என்ன?”

“கரையிலை இல்லை. என்ரை பொக்கற்றுக்கை இருந்தது.” குரல் கீச்சென்று வந்தது. நிறுத்தினால் திரும்ப வராது என்று அவளுக்குத் தெரிந்தது. “போட் கழுவேக்கை நான்தான் கழட்டினனான். பேந்து போட மறந்திட்டன். அடைக்கலம் அண்ணை அடைச்சுத்தான் விட்டவர். திங்கக்கிழமையே எனக்குத் தெரியும். சொல்லாமல் இருந்திட்டன். அவர் என்னட்டைக் கேட்டவர். தெரியாதெண்டு பொய் சொன்னனான்.”

தாய் கூப்பிட்டதால் ஓடினேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அதைச் சொல்லவில்லை.

எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். ஒரு வாரமா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள் பாருங்கோ. மாதாவின்ரை கையை முறிச்சுப்போட்டு நற்கருணையும் வாங்கினவள். இனி இவளைப் போட்டடிக்கு விடாதேங்கோ. றஞ்சித் மேசையைத் தட்டி, அடுத்த வருடம் சோடிப்புக்கு இவள் வரக்கூடாது என்றார். “சரி,” என்றாள் றொசாந்தி. அதற்கடுத்த வருடங்களைப் பற்றி இனித்தான் யோசிக்க வேண்டும் என்றார். அதற்கும் “சரி” என்றாள். றோஸ் எழும்பி, ஒருவரையும் பார்க்காமல், குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

பாதர் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கதிரையின் கைப்பிடியிலிருந்து அவருடைய விரல்கள் விலகியிருந்தன.

ஜெயகௌரி பையை விட்டுவிட்டுக் கணவனிடம் போனாள். “வாங்கோ, வீட்டை போவம்,” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். “நீயும் நம்பேல்லை,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மேசையிலிருந்த மூடியை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார். ஜெயகௌரி பையை அங்கேயே விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு வீட்டுப் பக்கம் போனாள். மன்னார் பஸ் போகிற பக்கம் அது இல்லை.

றொசாந்திக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தாள். ஒன்றும் முடியவில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டு அவருக்குப் பின்னால் நடந்தாள்.

றஞ்சித்தின் படகு இன்னும் கரையில்தான் கிடந்தது. கம்பளத்தின் சாயம் ஊறிய இடம் சிவந்திருந்தது. அடைக்கலநாதன் பின்பக்கம் குந்தி, துளைக்குள்ளிருந்த மணலை விரலால் தோண்டி எடுத்தார். மூடியைச் சட்டையில் துடைத்து, வைத்து, உள்ளங்கையால் குத்தி அடைத்தார். அது இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். திரும்பவும் இழுத்துப் பார்த்தார். பிறகுதான் அவள் நிற்பதைக் கண்டார்.

“என்ன பிள்ளை?”

“அண்ணை...”

“மன்னிப்புக் கேக்க வந்தனீரோ?”

“ஓம்.”

“கேளும்.”

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. நீங்கள் கேட்டநேரம் நான் சொல்லியிருக்கவேணும்.”

அவர் கடலைப் பார்த்தார். கை அந்த மூடியிலேயே இருந்தது.

“அண்டைக்கு அந்த மதகிலை இருந்து நான் பட்ட பாடு உமக்குத் தெரியாது,” என்றார். “என்ரை மூளையையே நான் நம்பேல்லை. பிள்ளையளின்ரை முகத்தைப் பாக்கேல்லை.” மூடியை விரலால் ஒருதரம் அழுத்தினார். “இண்டைக்கு என்னாலை ஏலாது பிள்ளை. பொய்யாச் சொல்ல விருப்பமில்லை. நாளைக்கு வந்து கேளும்.”

“நாளைக்கும் ஏலாட்டி?”

“அதுக்கடுத்த நாள் வாரும்.”

றொசாந்தி கரையைத் திரும்பிப் பார்த்தாள். நாளைக்கும் இதே கரைக்கு, எல்லோரும் பார்க்க, வர வேண்டும். வீட்டில் தாய் படலையைச் சாத்தியிருப்பாளோ தெரியாது.

“வாறன் அண்ணை,” என்றாள். இந்த முறை அவளுடைய குரல் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.